ஒரு குப்பி, இரண்டு வாய்

கோட்டாறு பல் டாக்டர் கமருதீனின் கண்ணாடிக் கதவை விடிவதற்குள் யாரோ கல்லால் அடித்து நொறுக்கியிருந்தார்கள். ஒன்பது மணிக்குத் துப்பறியும் ஞானதாசன் போய்ச் சேர்ந்தபோது, பல் பிடுங்கும் நாற்காலியில் டாக்டரே உட்கார்ந்திருந்தார். நோயாளிகள் உட்காரும் பெஞ்சில் ஈ காக்காய் இல்லை.

"எந்தப் பல்லு டாக்டரே? வலிக்குதா?" என்று கேட்டுக்கொண்டே பின்னால் நுழைந்தான் சுந்தர்சிங்.

அவன் ஞானதாசனின் உதவியாளன். முப்பத்திரண்டு வயது. பேரைக் கேட்டவர்கள் தாடியையும் தலைப்பாகையையும் தேடுவார்கள். கிடைப்பது பளபளக்கும் வழுக்கையும் ஓயாத வாயும்தான். ஞானதாசன் நேர் எதிர். திருவிதாங்கூர் போலீசில் பதினெட்டு வருஷம் இருந்துவிட்டு, மேலதிகாரி ஒருவரைத் திருப்பிக் கேள்வி கேட்டதற்காக வெளியே வந்தவர். பேச்சைக் கேட்பார், பேச மாட்டார்.

"ரெண்டு சாவு என் தலையில விழப்போகுது சார்" என்றார் கமருதீன். "ஒண்ணு விழுந்தாச்சு."

விழுந்த சாவு தங்கப்பனுடையது. வடசேரிச் சந்தையில் வாழைக்குலை மொத்த வியாபாரி. கடைவாய்ப் பல்லைப் பிடுங்கிக்கொண்டு போனவருக்குத் தாடை வீங்கியது. நாலு நாள் பென்சிலின் ஊசி போட்டும் வீக்கம் இறங்கவில்லை. ஐந்தாம் நாள் கழுத்து அடைத்துப் போய்விட்டார். அது நடந்து பத்து நாள் ஆகிறது.

விழப்போகும் சாவு செல்லக்கனியுடையது. வடசேரி மருந்துக்கடை பொன்னுலிங்கத்தின் மனைவி. தங்கப்பன் செத்து நாலாம் நாள் இதே நாற்காலியில் பல் எடுத்துக்கொண்டாள். அதே வீக்கம், அதே ஊசி. இப்போது டாக்டர் ஜெபமணியின் சின்ன ஆஸ்பத்திரியில் மூச்சுக்குத் திணறிக்கொண்டு கிடக்கிறாள்.

"பொன்னுலிங்கம் ஊரெல்லாம் சொல்லிட்டிருக்கார். அவர் கடையில நல்ல பென்சிலினை வாங்கி நான் வெளியில வித்துட்டேனாம். நோயாளிக்கு வெறும் தண்ணியைக் குத்துறேனாம். நேத்து ஆளைக் கூட்டிக்கிட்டு வந்து தெருவுல நின்னு கத்தினார். இன்னிக்குக் கல்லு வந்திருக்கு."

"நீங்க போட்டது?"

"அசல் மருந்து சார். படைச்சவன் மேல ஆணை."

"காலிக் குப்பிகளக் காட்டுங்க."

கமருதீன் பார்வையைத் தாழ்த்திக்கொண்டார். "இல்லை."

"எறிஞ்சாச்சா?"

"ஒடச்சாச்சு."

சுந்தர்சிங் ஞானதாசனின் காதருகே குனிந்தான். "கேட்டியளா அண்ணாச்சி? கையில இருந்த ஒரே சாட்சி. சம்மட்டியால போட்டிருக்காரு."

பின்கட்டில் ஒரு குழி இருந்தது. அது நிறையக் கண்ணாடித் தூள். நடுநடுவே சின்னச் சின்ன ரப்பர் மூடிகள். ஞானதாசன் ஒரு மூடியை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். ஊசி குத்திய துளைகள் தெரிந்தன. வேறு இரண்டை எடுத்துப் பார்த்தார். அவற்றிலும் துளைகள்.

"காலிக் குப்பியில கோதுமை மாவை நெறச்சு, புதுசுன்னு விக்கிறானுங்க சார். என் குப்பி அவனுங்க கைக்குப் போகக்கூடாதுன்னு நான் எப்பவும் ஒடச்சுதான் போடுவேன். இப்ப அதுவே எனக்கு எதிரா நிக்குது."

நல்ல பதில்தான். தயாராக வைத்திருந்த பதிலாகவும் இருக்கலாம். ஞானதாசன் நோயாளிகள் பேரேட்டைக் கேட்டு வாங்கி, தங்கப்பன் ஊசி போட்டுக்கொண்ட நாட்களைப் புரட்டினார்.

"இது என்ன? 'ஒரு குப்பி. பாதி தங்கப்பன். பாதி ஏசுஅடிமை, முட்டம்.' நாலு நாளும் இப்படியே இருக்கே?"

"குப்பி பெருசு சார். தண்ணி விட்டுக் கரைச்சா ரெண்டு பேருக்கு வரும். மீதியை வச்சிருக்க முடியாது, கெட்டுப் போயிரும். முட்டத்துக்காரர் கோட்டாறுல தங்கச்சி வீட்டுல தங்கி இருந்தார். ரெண்டு பேருக்கும் ஒரே வீக்கம். ஒரே நேரத்துக்கு வரச் சொல்லி, ஒரே குப்பியில இருந்து போட்டேன்."

"அந்த ஏசுஅடிமை எங்க?"

"தெரியல. அஞ்சாம் நாள் வரல. அப்புறம் வரவே இல்ல."

ஞானதாசன் பேரேட்டை மூடினார். தங்கப்பன் செத்ததும் அதே ஐந்தாம் நாளில்தான்.

* * *

பழைய பட்டாளத்து மோட்டார் சைக்கிள் முட்டத்துக்குப் போகும் மேட்டில் திணறி ஏறியது. கலங்கரை விளக்கம் கண்ணில் பட்டதும் பாறைகளில் அலை அடிக்கும் சத்தமும் கேட்டது. ஏசுஅடிமையின் வீட்டைக் கேட்டபோது சுட்டிக் காட்டியவன், இவர்களை மேலும் கீழும் பார்த்துவிட்டுச் சட்டென்று நகர்ந்தான்.

வாசலில் ஒருத்தி மீன் கழுவிக்கொண்டிருந்தாள்.

"ஏசுஅடிமை இருக்காரா?" என்றான் சுந்தர்சிங்.

"அவரு போயாச்சு."

இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். சுந்தர்சிங் குரலைத் தணித்தான். "எப்பம் அடக்கம் பண்ணினிய?"

அவள் கையில் இருந்த மீன் சட்டிக்குள் விழுந்தது. "நாசமாப் போவ! கடலுக்குப் போனவர எதுக்குவே அடக்கம் பண்ணணும்? யாருவே நீரு?"

முக்கால் மணி நேரம் பாறை நிழலில் காத்திருந்தார்கள். கட்டுமரம் கரைக்கு வந்தது. இறங்கிய ஆள் கறுத்து, தடித்து, கல்லுப் பிள்ளையார் மாதிரி இருந்தான். டாக்டர் கதவில் கல் விழுந்ததைச் சொல்லிக்கொண்டே சுந்தர்சிங் நீட்டிய வறுத்த புளியங்கொட்டையை வாயில் போட்டுக் கடித்தான். கடக்கென்று உடைந்தது.

"வீக்கமா? மூணாவது ஊசியிலேயே வத்திப் போச்சு சாரே. நாலாவதும் போட்டேன். பொறவு எதுக்குப் போவணும்? நல்ல கைராசிக்கார டாக்டரு. அவருக்க மேல கல்லெறிஞ்சவன் கையி வெளங்காது."

ஞானதாசன் கீழே பார்த்தபடி யோசித்தார். ஒரே குப்பி. ஒரே ஊசி. ஒரே நாள். ஒருவன் புளியங்கொட்டை கடிக்கிறான். ஒருவன் சுடுகாட்டுக்குப் போனான். குப்பியில் தண்ணீர் இருந்திருந்தால் இவனும் அல்லவா போயிருக்க வேண்டும்?

"மருந்துல வித்தியாசம் இல்ல சிங்கு. அப்பம் வாயிலதான் வித்தியாசம்" என்றார். பிறகு ஏசுஅடிமையிடம் திரும்பினார். "குடி உண்டா?"

"ஞாயித்துக்கெழம மட்டும்."

"வெத்தில, பொயில?"

"இல்ல."

"பல்லு எதுல வெளக்குவீரு?"

அவனுக்குச் சிரிப்பு வந்தது. "இது என்ன கேள்வி சாரே? உமிக்கரி. கொறச்சு உப்பு."

"நாக்க நீட்டும்."

நாக்கு சிவப்பாக, மாசு மறு இல்லாமல் இருந்தது.

திரும்பும் வழியில் சுந்தர்சிங் சொன்னான்: "குலை வியாபாரி பட்டுமெத்தையில கெடந்து செத்தாரு. இவன் உமிக்கரியும் உப்புமா வச்சுப் பொழச்சிட்டான். எனக்கு ஒண்ணும் வெளங்கல அண்ணாச்சி. ஆனா நாளையில இருந்து நான் உமிக்கரிதான்."

"இன்னிக்கு வரைக்கும் எது?"

"விரலு."

* * *

தங்கப்பனின் மனைவி பகவதியம்மாள் அவர்களை வாசலிலேயே நிறுத்தினாள். வெள்ளைச் சேலை, ஒடிசலான உடம்பு. ஆளை நிறுத்துப் பார்க்கிற மாதிரி ஒரு பார்வை.

"பல் டாக்டரு அனுப்பின ஆளுவளா?"

"ஆமா" என்றார் ஞானதாசன். "ஆனா அவரு குத்தவாளின்னு தெரிஞ்சா மொதல்ல உங்ககிட்டதான் வந்து சொல்லுவேன்."

அவள் கொஞ்ச நேரம் யோசித்தாள். பிறகு வழி விட்டாள்.

"எனக்க மாப்பிள்ளைக்கு, என்னக் கெட்டினவருக்கு, யாரோ செய்வினை வச்சிட்டாவ. டாக்டர நான் ஒண்ணும் சொல்லல. ஊருதான் சொல்லுகு."

"செய்வினைன்னு எத வச்சு சொல்லுதிய?"

"சாவுகதுக்கு நாலஞ்சு மாசம் முன்னாலயே அவருக்க நாக்கு கறுத்துப் போச்சு. நல்ல கறுப்பு, மயிரு மொளச்ச மாதிரி. பாக்கவே பயமா இருக்கும். தின்னதோ குடிச்சதோ இல்ல. பின்ன அது என்னத்தயாக்கும்?"

சுந்தர்சிங் வாயைத் திறந்தான். ஞானதாசன் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டான்.

"பல்லு எதுல வெளக்குவாரு?"

"பொடியில. அது ஒரு அதிசயப் பொடி. மின்ன எல்லாம் அவரு பக்கத்துல வந்து பேசினா மூக்கப் பொத்திக்கிடணும். அந்தப் பொடி வந்த பொறவு நாத்தமே கெடையாது. ராத்திரி ஒரு தடவ, காலம்பற ஒரு தடவ. ஈறுல வச்சுக் கொஞ்ச நேரம் ஊற விடுவாரு."

"எங்க வாங்கினாரு?"

"அதத்தான் சொல்ல மாட்டாரு. நாலு பேருக்குத் தெரிஞ்சா தனக்குக் கெடைக்காதுன்னு பயம்."

அவள் உள்ளே போய் எடுத்து வந்தது பெருவிரல் அளவுக் கண்ணாடிக் குப்பி. உள்ளே ரோஸ் நிறத்தில் பாதிப் பொடி. கிராம்பு வாசனை அடித்தது. மேலே ரப்பர் மூடி. ஒட்டியிருந்த காகிதத்தைச் சுரண்டி எடுத்திருந்தார்கள். கழுத்தில் தகரப் பட்டை இறுக்கிய வடு மட்டும் தெரிந்தது.

"பென்சிலின் குப்பி!" என்றான் சுந்தர்சிங். வெளியே வந்ததும் கொதித்தான். "போதுமா அண்ணாச்சி? ஒடச்சேன் ஒடச்சேன்னு நமக்கிட்ட கண்ணாடித் தூளக் காட்டினாரு. ஒடைக்காத குப்பியில பொடி நெறச்சு வித்திருக்காரு. நம்மளயும் கூலிக்குப் பிடிச்சு ஊரு கண்ணுல மண்ணத் தூவுகாரு."

ஞானதாசன் ரப்பர் மூடியைப் பிடுங்கி அவன் உள்ளங்கையில் வைத்தார். "துளை எங்க?"

சுந்தர்சிங் திருப்பித் திருப்பிப் பார்த்தான். சூரியனுக்கு நேரே பிடித்தான். "இல்லியே."

"ஊசி போடுதவன் இந்த மூடியில குத்தித்தான் மருந்த எடுப்பான். டாக்டருக்க குழியில நான் எடுத்துப் பாத்த ஒவ்வொரு மூடியிலயும் துளை இருந்துது. இந்த மூடியில ஊசியே எறங்கல. பட்டைய வெட்டி, மூடியத் தொறந்து, உள்ள இருந்த மருந்த அப்படியே கொட்டி எடுத்திருக்கான். ஊசி போடத் தெரிஞ்சவன் செய்யுத வேல இல்ல. நெறஞ்ச குப்பி கைநெறைய வச்சிருக்கவன் செய்யுத வேல."

"கொட்டி எடுத்த மருந்து எங்க போச்சு?"

"இந்த ரோஸ் பொடிக்குள்ள" என்றார் ஞானதாசன். "வண்டிய எடு. ஆஸ்பத்திரிக்கு."

* * *

டாக்டர் ஜெபமணியின் ஆஸ்பத்திரியில் மொத்தம் பத்துக் கட்டில். கடைசிக் கட்டிலில் செல்லக்கனி சாய்ந்து உட்கார வைக்கப்பட்டிருந்தாள். தாடை எது, கழுத்து எது என்று பிரித்துச் சொல்ல முடியாத வீக்கம். ஒவ்வொரு மூச்சுக்கும் தோள் ஏறி இறங்கியது. பக்கத்தில் நின்று விசிறிக்கொண்டிருந்தார் பொன்னுலிங்கம். வாய் நிறைய வெற்றிலை.

"அந்தக் களவாணி அனுப்பின ஆளா நீங்க?" என்று பாய்ந்தார். "எனக்க பெண்டாட்டி போனா அவன் கடையில ஒரு செங்கல்லு மிஞ்சாது, சொல்லியாச்சு!"

ஞானதாசன் அவரைக் கண்டுகொள்ளாமல் டாக்டரை வராந்தாவுக்கு அழைத்தார். ஜெபமணி அம்மாளுக்கு ஐம்பது வயதிருக்கும். இரண்டு நாளாகத் தூங்கவில்லை என்பது கண்ணில் தெரிந்தது.

"நான் இங்க போட்ட பென்சிலினும் கேக்கல" என்றாள். "அதுவும் இதே ஊர்ல வாங்கினதுதான். மருந்தே போலியா இருக்கும்னு எல்லாரும் சொல்றாங்க. நல்ல மருந்துக்கு மதராஸுக்குத் தந்தி அடிச்சிருக்கேன். திருநெல்வேலி வரைக்கும் ரயில்ல வந்து, அங்கிருந்து பஸ்ல வரணும். நாளைக்கு மத்தியானம் ஆகும்."

"அதுவரை தாங்குமா?"

"தெரியல. ராத்திரிக்குள்ள மூச்சு நின்னா கழுத்தைக் கீறிக் குழாய் வைக்கணும்."

ஞானதாசன் ஏசுஅடிமையின் கதையைச் சொன்னார். ரோஸ் பொடிக் குப்பியை அவள் கையில் வைத்தார். "தினமும் ரெண்டு வேள, மாசக்கணக்கா, வாயில பென்சிலினத் தேச்சுக்கிட்டே இருந்தா என்ன ஆகும் டாக்டர்?"

அவள் குப்பியை முகர்ந்தாள்.

"வாயில இருக்கிற கிருமில சாகிறது சாகும். சாகாத ஒண்ணு ரெண்டு மிஞ்சும். அப்புறம் அதுதான் வாய் முழுக்கப் பெருகும். வெளியில பாத்தா பல் சுத்தம், வாசனை. உள்ள இருக்கிற அத்தனையும் பென்சிலினுக்குப் பழகிப்போன கூட்டம். பல்லைப் பிடுங்கின புண்ணு வழியா அது இறங்கிச்சுன்னா, குடம் குடமா பென்சிலின் ஊத்தினாலும் அசையாது." நிமிர்ந்தாள். "நாக்கும் கறுக்கும். இந்த மருந்தை வாயில வச்சுச் சப்புறவங்களுக்கு அப்படி ஆகும்னு படிச்சிருக்கேன். இவளுக்கும் நாக்கு கறுப்பு! டானிக் குடிச்சிருப்பான்னு நினைச்சேன்."

"அப்பம் நாளைக்கு வாற புது பென்சிலின்?"

"அதுவும் வீண். வேற ஜாதி மருந்து வேணும். ஆரியோமைசின்னு ஒண்ணு வந்திருக்கு. ஆனா இவ அந்தப் பொடியைத் தேச்சான்னு எனக்கு நிச்சயமாத் தெரியணுமே. தப்பாப் போச்சுன்னா இருக்கிற ஒரு பொழுதும் போயிரும்."

மூவரும் கட்டிலுக்குத் திரும்பினார்கள். ஞானதாசன் குனிந்து கேட்டார்: "தாயே, நீங்க எதுல பல்லு வெளக்குவிய? பொடியிலயா?"

செல்லக்கனியால் வாயைத் திறக்க முடியவில்லை. கண் மட்டும் திறந்தது. அது நேரே கணவன் பக்கம் போனது. அங்கே ஒரு கணம் நின்றது. பிறகு இறுக மூடிக்கொண்டது.

"வேப்பங்குச்சி" என்றார் பொன்னுலிங்கம் அவசரமாக. "எங்க வீட்டுல எப்பவும் வேப்பங்குச்சிதான்."

"உமக்கும்?"

"எனக்கும்."

"வெத்தில எத்தன வருஷமாப் போடுதீரு?"

கேள்வி எங்கே போகிறது என்று பொன்னுலிங்கத்துக்குப் புரியவில்லை. "அது... ஒரு இருவது வருஷம் இருக்கும்."

"சிங்கு, அவருக்க பல்லப் பாரு."

சுந்தர்சிங் பக்கத்தில் போய்ப் பார்த்தான். விசில் அடித்தான். "முத்துப் பல்லு அண்ணாச்சி. எங்க மாமா ஆறு வருஷம் வெத்தில போட்டாரு. பல்லப் பாத்தா துருப்பிடிச்ச ஆணி மாதிரி இருக்கும். இவருக்கு இருவது வருஷமாம், ஒரு கறை இல்ல!"

"பத்து நாளாத்தான் போடுதாரு" என்றார் ஞானதாசன். "தங்கப்பன் செத்த அன்னைக்குத் தொடங்கியிருக்காரு. எதுக்கு? வாயில சிவப்பு இருந்தா நாக்குல இருக்க கறுப்பு யாரு கண்ணுலயும் படாது. பொன்னுலிங்கம், வாயக் கொப்பளிச்சிட்டு நாக்க நீட்டும்."

பொன்னுலிங்கம் பின்னால் நகர்ந்தார். சுவர் தடுத்தது.

"கமருதீன் குத்தினது அசல் மருந்துன்னு உமக்குத் தெரியும். உம்ம கடையில உம்ம கையாலே எடுத்துக் குடுத்த குப்பிதானே? பின்ன எதுக்குத் தெருவுல நின்னு கத்தினீரு?"

விசிறி கீழே விழுந்தது. அந்த மனிதர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"கொச்சியில பட்டாளத்து மருந்த ஏலம் போட்டாவ. பென்சிலின் ஒரு பெட்டி. தேதி முடிஞ்ச மருந்து, ஊசிக்கு ஆகாது. பல்லுக்காவது ஆகட்டும்னு பொடியில கலந்தேன். போலீசுக்குப் பயந்து தெரிஞ்ச ஆளுவளுக்கு மட்டும் குடுத்தேன். வாங்கினவன் எல்லாம் கையெடுத்துக் கும்பிட்டான். தங்கப்பன் செத்த அன்னைக்குத்தான்..." குரல் உடைந்தது. "பொடி வெசமாயிட்டுதுன்னு நெனச்சேன். வெசம்னு சொன்னா நான் செயிலுக்குப் போவேன், ஆனா இவ பொழைப்பாளா? செய்த வெசத்துக்கு மருந்து இல்லன்னு வாய மூடிக்கிட்டேன்."

"வெசம் இல்லவே அது. நல்ல மருந்து. கொஞ்சம் கொஞ்சமா, தேவையே இல்லாம, நாள் முழுக்கக் குடுத்த நல்ல மருந்து. இப்பம் வாயத் தொறந்து சொல்லும். இவங்க அதத் தேச்சாங்களா?"

"நாந்தான் தினம் எடுத்துக் குடுத்தேன்" என்றார் பொன்னுலிங்கம். "மத்தவங்களவிட ரெட்டிப்பாக் கலந்து."

கட்டிலில் செல்லக்கனியின் மூடிய கண்ணோரம் நீர் வழிந்தது.

ஜெபமணி அதற்குள் சீட்டு எழுத ஆரம்பித்திருந்தாள். "ஆரியோமைசின் திருவனந்தபுரத்துலதான் கிடைக்கும். போய் வர..."

"மார்த்தாண்டத்துல இருக்கு!" பொன்னுலிங்கம் எழுந்தார். "அங்க ஒரு கடையில ஒரு குப்பி உண்டு. எனக்குத் தெரியும். நான் போறேன்."

ஞானதாசன் அவர் முகத்தைப் பார்த்தார். மார்த்தாண்டம் தாண்டிவிட்டால் மேற்கே ரோடு நீளமானது. ஓட நினைக்கிறவனுக்கு வசதியானது. ஆனால் நேரம் இல்லை.

"சிங்கு, இவர ஏத்திக்கிட்டுப் போ. கண்ண எடுக்காத."

* * *

பன்னிரண்டு மணிக்குப் போனார்கள். இரண்டரைக்குள் வந்துவிட வேண்டும். மூன்று ஆயிற்று. மூன்றரை. செல்லக்கனியின் உதடு நீலம் பூத்தது. ஜெபமணி கத்தியையும் குழாயையும் வெந்நீரில் போடச் சொன்னாள்.

"அந்த ஆளை அனுப்பினது தப்பு" என்றாள். "ஓடியிருப்பான்."

ஞானதாசன் வாசலுக்குப் போய்த் தெருவைப் பார்த்தார். அவருக்கும் அதே சந்தேகம்தான்.

நாலு மணிக்கு வாசலில் மரச்சீனிக் கிழங்கு ஏற்றிய லாரி ஒன்று நின்றது. மூட்டைகளின் மேலிருந்து ஓர் உருவம் குதித்தது. சட்டை கிழிந்து, முழங்கால் சிராய்த்து, உடம்பெல்லாம் புழுதி. இரண்டு கைகளுக்குள்ளும் பொத்திப் பிடித்திருந்தது ஒரு குப்பி. பொன்னுலிங்கம்!

"மருந்த வாங்கிட்டுத் திரும்பி வரையில மோட்டார் சைக்கிளு தக்கலை கிட்ட குப்புற மறிஞ்சிட்டுது. ஒங்க ஆளுக்கு ஒண்ணும் இல்ல. 'நீரு ஓடும்வே'ன்னு அவருதான் தள்ளிவிட்டாரு. நானும் ஓடினேன். லாரி கெடைக்குத வர ஓடினேன்" என்று மூச்சிரைத்தார்.

மாத்திரைக் கூட்டைப் பிரித்து, மஞ்சள் தூளைத் தண்ணீரில் கரைத்தாள் ஜெபமணி. செல்லக்கனிக்கு வாய் திறக்கவில்லை. பிடுங்கிய பல்லின் இடைவெளி வழியாகச் சொட்டுச் சொட்டாக விட்டாள். அன்று இரவு கழுத்தைக் கீறிக் குழாய் வைக்க வேண்டியதாகத்தான் போயிற்று. ஆனால் மறுநாள் சாயங்காலம் காய்ச்சல் இறங்கியது. மூன்றாம் நாள் வீக்கத்தில் சுருக்கம் விழுந்தது.

சுந்தர்சிங் நெற்றியில் பிளாஸ்திரியோடு வந்து பார்த்தான். "தக்கலையில இருந்து வண்டிய உருட்டிக்கிட்டே வந்தேன் அண்ணாச்சி. ஓடிருவாருன்னு நெனச்ச ஆளு லாரியில வந்தாரு. நம்பிக்கையான ஆளு நான் நடந்து வந்தேன்."

ஆறாம் நாள் குழாயை எடுத்தார்கள். செல்லக்கனி முதலில் பேசியது கரகரத்த குரலில் ஒரே ஒரு கேள்வி. அது கணவனைப் பார்த்து: "மத்தவங்ககிட்ட சொல்லியாச்சா?"

பொன்னுலிங்கம் தலையைக் குனிந்துகொண்டார்.

அன்றே போலீஸ் ஸ்டேஷனில் எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்தார். கூப்பிட்டால் வர வேண்டும் என்று சொல்லி அனுப்பினார்கள். கமருதீனின் கடைக்குப் போய், நொறுங்கிய கதவுக்கு முன்னால் தெரு பார்க்கக் கைகூப்பி நின்றார். கமருதீன் வெளியே வந்தார். கோபப்படவில்லை. "அந்தம்மா பிழைச்சுட்டாங்கல்ல, அது போதும். ஆனா என்னிக்காவது பல்லு வலிச்சா என்கிட்ட வராதீங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

கடைசியாக மிஞ்சியது ஒரு வீடு. அங்கே மட்டும் தனியாகப் போகக் கால் வரவில்லை என்று பொன்னுலிங்கம் கேட்டுக்கொண்டதால் ஞானதாசனும் சுந்தர்சிங்கும் கூடப் போனார்கள்.

பகவதியம்மாள் நின்றபடியே முழுவதையும் கேட்டாள். பொன்னுலிங்கம் சொல்லி முடித்தார். தெருவில் போன வில்வண்டியின் மணிச்சத்தம் கேட்டு ஓய்ந்தது.

"ஒமக்க பெண்டாட்டிக்குக் குடுத்த அந்த மஞ்ச மருந்த எனக்க மாப்பிள்ளைக்குக் குடுத்திருந்தா?"

பொன்னுலிங்கம் ஞானதாசனைப் பார்த்தார். ஞானதாசன் உதவிக்கு வரவில்லை.

"பொழச்சிருப்பாரு" என்றார் பொன்னுலிங்கம்.

பகவதியம்மாளின் கை கதவு நிலையைப் பிடித்துக்கொண்டது. அறைவாள் என்று சுந்தர்சிங் எதிர்பார்த்தான். அவள் கேட்டது வேறு.

"இன்னும் எத்தன வீட்டுல இந்தப் பொடி இருக்கு?"

"முப்பத்தாறு."

"எல்லா வீடும் தெரியுமா?"

"தெரியும்."

அவள் உள்ளே போனாள். ஓலைப்பெட்டி ஒன்றை எடுத்துக்கொண்டு வந்தாள். கதவைச் சாத்திக் கொண்டி போட்டாள். கணவன் போன பிறகு அவள் வாசல்படி தாண்டுவது அதுதான் முதல் தடவை.

"நடயும்" என்றாள்.

முதல் வீடு ஓய்வு பெற்ற வாத்தியார் ஒருவருடையது. பொன்னுலிங்கம் தடுமாறித் தடுமாறி விஷயத்தைச் சொன்னார். வாத்தியார் நம்பவில்லை. சிரித்தார். எழுபது வயதிலும் பல்வரிசை வெள்ளையாக மின்னியது.

"போவே! புதுசா எவனாவது கூடக் காசு தாறேன்னு சொல்லியிருப்பான், திருப்பி வாங்க வந்திருக்கேரு. இத மாதிரிப் பொடி என் ஆயுசுல கண்டதில்ல. தர மாட்டேன்."

பின்னால் நின்ற பகவதியம்மாள் முன்னால் வந்தாள். வாத்தியார் அப்போதுதான் அவளைக் கவனித்தார். வெள்ளைச் சேலையையும், வெறும் கழுத்தையும்.

"எனக்க மாப்பிள்ளையும் இப்படித்தான் சொல்லிக்கிட்டு இருந்தாரு" என்றாள்.

வாத்தியாரின் சிரிப்பு நின்றது. உள்ளே போய், குப்பியைக் கொண்டுவந்து, அவள் நீட்டிய பெட்டிக்குள் போட்டார்.